தொடாமலே வீழ்த்தியவர்

இடிக்கை என்ற பெயரை அவருக்கு யாரும் வைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார். டயர் கடையின் மாடியில் தற்காப்புக் கலைப் பள்ளி தொடங்கியபோது, பலகையில் என்ன எழுதட்டும் என்று பெயின்டர் கேட்டார். கொஞ்சமும் கூச்சமில்லாமல் 'இடிக்கை மாஸ்டர்' என்றார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் மனைவியின் தம்பிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஏணி ஆடிவிடப் போகிறதே என்று அடக்கிக்கொண்டான்.

மாஸ்டர் அவனை 'மச்சான்' என்று கூப்பிடுவார். அதைக் கேட்டுப் பயிற்சிக்கு வந்தவர்களும் 'மச்சான் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பகலில் அவனுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை, சாயங்காலமானால் மாமாவிடம் உதை வாங்குகிற வேலை. பிழைப்பு இல்லாமல் அக்கா வீட்டில் ஒண்டியிருந்த காலத்தில் தலையில் ஏறிய சுமை அது. கடையில் சேர்ந்த பிறகும் இறக்கி வைக்க வழி தெரியவில்லை.

மாமா ஒரு காலத்தில் சண்டை போட்டவர்தான், அதை மச்சானும் மறுக்கமாட்டான். நெடுநெடுவென்ற ஆள். காலை வீசினால் பார்க்க அழகாக இருக்கும். இளவயதில் ஒரு பெரிய கராத்தே போட்டியில் இறுதிச்சுற்று வரைக்கும் போனார். எதிராளி மேடைப் படியில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டான், கோப்பை இவர் கைக்கு வந்தது. ஆனால் மாமா சொல்லும் கதையில் படியே கிடையாது. இவர் பார்த்த பார்வையிலேயே எதிராளிக்குக் கால் துவண்டுவிட்டதாகக் கதை முடியும்.

அதன் பிறகு எந்தப் போட்டியிலும் அவர் இறங்கவில்லை. தன்னோடு மோதத் தகுதியான ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டார். கற்றுக்கொடுத்த ஆசிரியர் காலமானதும், இனித் தனக்கு மேலே யாருமில்லை என்று தனக்குத்தானே பட்டம் கொடுத்துக்கொள்ளத் தொடங்கினார். ஒவ்வொரு பட்டத்துக்கும் கறுப்பு பெல்ட்டில் ஒரு கோடு. கோடு தைத்தவள் அக்கா. "இதுக்கு மேல தைக்க இடமில்லைங்க" என்று அவள் சொன்னபோது, நீளமான பெல்ட்டாகப் பார்த்து வாங்கிவந்தார்.

தொடாமலே வீழ்த்தும் வித்தை பிறந்தது ஒரு வழுக்கலில். பள்ளியின் ஆண்டு விழாவில் மாமா காலைத் தூக்கினார். கால் வந்து சேருவதற்குள் வியர்வை சொட்டியிருந்த விரிப்பில் மச்சான் வழுக்கி மல்லாந்தான். கூட்டம் வாயைப் பிளந்தது. மாமா தூக்கிய காலை மெதுவாக இறக்கி, கண்ணை மூடிக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்ததும், உள்ளே நெடுநாளாகத் தேங்கிக் கிடந்த சக்தி அன்றைக்குத்தான் வெளியே பாய்ந்தது என்றார். மச்சான் வழுக்கிய கதையைச் சொல்ல வாயெடுத்தான். அக்கா அவனைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "ஒரு நிமிஷம் விழுந்து எழுந்தா உனக்கு என்னடா கொறஞ்சிடும்? அவர் சந்தோஷமா இருக்கட்டுமே" என்றாள்.

அதிலிருந்து விழுவதே மச்சானுக்குத் தொழிலாகிவிட்டது. மாமா விரலை அசைத்தால் உருண்டான், மூச்சை இழுத்துவிட்டால் பின்னால் பறந்தான். மறுநாள் லென்ஸ் தேய்க்கத் தோளைத் தூக்க முடியாது. அவனைப் பார்த்து மற்றவர்களும் விழக் கற்றுக்கொண்டார்கள். வங்கி மேலாளர் விழுந்தார், பல் டாக்டர் விழுந்தார். விழாமல் நின்றால் மனதில் அழுக்கு இருக்கிறது என்று மாஸ்டர் சொல்லிவிட்டாரே, அழுக்கை ஊரறியக் காட்டிக்கொள்ள யாருக்குத் துணிச்சல்? படித்தவர்கள் தொப்புத்தொப்பென்று விழுவதைப் பார்க்கும்போது மச்சானுக்கு மாமாவைவிட இவர்கள் மேல்தான் அதிக எரிச்சல் வந்தது.

மாமா ஐம்பதைத் தாண்டிய சமயம், எதிர்ச் சாரியில் ஒரு பெண் குத்துச்சண்டைக் கூடம் திறந்தாள். மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, வருகிறவர்களை வியர்க்க வியர்க்கக் குத்தச் சொன்னாள். மாமாவிடம் படித்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நழுவினார்கள். மாமா அவளைத் தன் விழா மேடைக்கு மோத வரும்படி அழைத்தார். அவள் வேலை இருக்கிறது என்று சொல்லித் தட்டிக் கழித்தாள். பயந்துவிட்டாள் என்று இவர் தெருவெல்லாம் சொல்ல, அது அவள் காதுக்கும் போக, வருகிறேன் என்று ஆள் அனுப்பிவிட்டாள்.

விழாவுக்கு முன்பு உடை மாற்றும் அறையில் மச்சான் கதவைச் சாத்தினான். அத்தனை வருஷம் உள்ளேயே வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னான்.

"மாமா, நான் விழுந்தது உங்க சக்தியால இல்ல. நானாத்தான் விழுந்தேன். எல்லாரும் அப்படித்தான். வேண்டாம், ஒடம்பு சரியில்லனு சொல்லிடலாம்."

மாமா பெல்ட்டை இறுக்கிக்கொண்டே அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "விழுறவனுக்கு எப்படிடா தெரியும், ஏன் விழுறோம்னு?"

ஊரை ஏமாற்றுகிறவர் என்றுதான் அதுவரை மச்சான் அவரை நினைத்திருந்தான். தன்னையும் சேர்த்து ஏமாற்றிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

மேடையில் அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். "சார், நிஜமாவா, சும்மாவா?"

"நிஜமா" என்றார் மாமா. உள்ளங்கையை நீட்டி மூச்சை இழுத்துவிட்டார். அவள் அசையவில்லை. இன்னொரு தரம் இழுத்துவிட்டார். அவள் சற்றுக் காத்திருந்துவிட்டு, இடது கையால் மூக்கில் ஒரு குத்து விட்டாள். பெரிய குத்துகூட இல்லை. ஆனால் மாமாவுக்கு விழத் தெரியவில்லை. ஊரையே விழவைத்தவர் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவள்தான் முதலில் ஓடிவந்து மூக்கில் துண்டை வைத்து அழுத்தினாள்.

இதோடு கடையைக் கட்டிவிடுவார் என்று மச்சான் நினைத்தான். கட்டுப் போட்ட கையோடு வீட்டில் படுத்திருந்தவரைப் பார்க்க பல் டாக்டர் வந்தார். "முழுச் சக்தியையும் விட்டிருந்தா அந்தப் பொண்ணு செத்திருக்கும். அதனாலதானே மாஸ்டர் அடக்கிக்கிட்டீங்க?" என்று கண் கலங்கினார். மாமா விட்டத்தைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார். ஒரு பொய்யை மாமாவே சொல்லியிருந்தால்கூடத் தேவலை, ஊர் அதைத் தட்டில் வைத்து நீட்டியது.

பள்ளி மறுபடி திறந்த அன்று முன்பைவிடக் கூட்டம். மாவுக்கட்டோடு மாமா கையை வீசினார். மச்சான் விழவில்லை. இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றான். அக்கா முதல் வரிசையில் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு தன் பெல்ட்டை அவிழ்த்து அவன் இடுப்பில் சுற்றினார்.

"என் சக்தியையே தாங்குற அளவுக்கு வளந்துட்டான். இனிமே இவனும் மாஸ்டர்."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இந்த மனிதரைத் தோற்கடிக்க யாராலும் ஆகாது என்று மச்சானுக்குப் புரிந்துபோனது. பெல்ட்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டுப் படியிறங்கினான். அந்த மாதமே கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு தனியாகப் போனான். அவன் அடக்கத்தின் காரணமாக ஒதுங்கி வாழ்கிறான் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்களாம்.

சில மாதம் கழித்து அக்கா அவனைப் பார்க்க வந்தாள். பள்ளிக்கு இன்னொரு கிளை திறக்கப் போவதாகச் சொன்னாள். போகிறபோது வாசலில் நின்று, "புதுசா ஒருத்தன் விழுறான்டா. இருந்தாலும் உன்ன மாதிரி வரல" என்றாள்.

அதைக் கேட்டதும் மனதுக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. அன்று முழுக்க லென்ஸ் தேய்த்துக்கொண்டே அதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தான்.