ஹனீபா மாமாவின் தாங்கியில் தண்ணீர் இல்லை

போன சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கீழே பம்பு எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. எட்டரை வரை காத்திருந்தேன். பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வந்தது. மன்னாரிலிருந்து வந்து புத்தளத்தில் வசித்தவர், மாடிக் கட்டடத்தில் பம்பு பார்ப்பவர் என்று சொல்லும்போதே உம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். ஹனீபா மாமா அதிகாலை சுபஹுத் தொழுகை முடித்து வந்து, பம்பு அறை வாசலில் கதிரையில் இருந்தபடியே உயிர் பிரிந்து மௌத்தாகியிருந்தார்.

அவரை அறிந்த உங்களுக்குத்தான், இந்த ஆறு மாடிகளிலும் இருக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வாப்பா உறங்கியபின் குளியலறையைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஹனீபா மாமா பயந்த மனிதர். நாம் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். படிக்கட்டில் ஒரு சைக்கிள் நின்றால் அவருக்கு மூச்சு வாங்கும். சுவரிலுள்ள தீயணைப்புக் குழாய்ப் பெட்டியின் மேல் யாராவது துவாய் காயப்போட்டால் வீடு வீடாகத் தட்டி யாருடையது என்று கேட்பார். ஒருநாள் மூன்றாம் மாடி ஹாஜியார் லிப்ட் வாசலில் நின்று அவரைச் சீண்டினார்.

"களப்பு நெறயத் தண்ணி அந்தா கெடக்கு. தண்ணி முடிஞ்சிடும்னு பயப்படுற ஒரே ஆள் நீதான் ஹனீபா."

"களப்பு மாடிப்படி ஏறி வராது ஹாஜியார்," என்றார் மாமா. "நான்தான் ஏத்தணும்."

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சொன்னது ஒரு சண்டையின்போது. சனிக்கிழமை தோறும் அவர் தீயணைப்புப் பம்பின் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர்கீழே. பள்ளிக்கூடச் சோதனை நெருங்கிய நேரம் என்னால் படிக்க முடியவில்லை. கோபத்தோடு இறங்கிப் போய், இந்த ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொன்னேன். அவர் ஏசவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, இளமையில் மதுரங்குளிப் பக்கம் தேங்காய் மட்டையிலிருந்து தும்பு எடுக்கும் ஓர் ஆலையில் வேலை செய்ததைச் சொன்னார். அங்கும் தீக்கென்று ஒரு தாங்கி இருந்ததாம். மட்டை ஊறப்போடத் தண்ணீர் காணாதபோது அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்களாம். ஒருநாள் தும்புக் குவியல் பற்றிக்கொண்டது. பம்பு நன்றாக ஓடியது.

"குழாயப் புடிச்சிக்கொண்டு நின்டது நான் மகள். காத்துத்தான் வந்திச்சி."

உள்ளே யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு, தான் ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்கு விளங்கவேண்டும் என்பதுபோல் தாங்கியையும் அதன் தண்ணீர் மட்டம் காட்டும் முள்ளையும் காட்டினார். நம் வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய் தாங்கியின் நடுவில் இருக்கிறது. நாம் எவ்வளவு எடுத்தாலும் அதற்குக் கீழே உள்ள பாதி அப்படியே நிற்கும். அது தீக்கு. அடியில் ஒரு வால்வு உண்டு. அதைத் திறந்தால் அந்தப் பாதியும் வீடுகளுக்கு ஏறிவிடும். அதனால் அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார். கை துடைக்கத் துணி எடுக்க அவர் ஒரு பிஸ்கட் தகரத்தைத் தூக்கியபோது, அதன் அடியில் சாவி ஒட்டியிருப்பதைக் கண்டுவிட்டேன்.

"பாத்திட்டீங்க," என்றார். "ஒருத்தருக்கும் சொல்லவேணாம். வாப்பாவுக்கும்தான்."

ஓம் என்றேன்.

சனிக்கிழமை நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆனால் முழுதாக அறியமாட்டீர்கள். அன்று தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரவில்லை. கனமூலையிலிருந்து மாமாவுடைய தங்கச்சி குடும்பத்தோடு வந்து இறங்கினார். வாகனத் தரிப்பிடம் நிறைய ஆட்கள். குழாயைத் திறந்தால் சொட்டுக்கூட இல்லை. மையித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதால் குளிப்பாட்ட வேண்டாம் என்று அவருடைய தங்கச்சி அழுதார். தாங்கியின் அடியில் தண்ணீர் இருக்கிறது, சாவியைத்தான் காணவில்லை என்று ஆண்கள் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் யார் இல்லையென்று சொல்வார்கள்? நான் போய்த் தகரத்தைத் தூக்கிச் சாவியை எடுத்து வாப்பாவின் கையில் கொடுத்தேன்.

அவரைக் குளிப்பாட்டச் சில வாளிகள் போதும். மாலை அசர்த் தொழுகைக்குப்பின் அடக்கம் முடிந்தது. வால்வை மூட யாருக்கும் நினைவு வரவில்லை. அன்றிரவு நம் குழாய்களில் தண்ணீர் பாய்ந்து வந்தது. எல்லோரும் சந்தோஷமாகக் குளித்தோம், உடுப்புக் கழுவினோம். நானும் கழுவினேன். பிறகு பவுசர் வந்து ஊற்றிய தண்ணீரும் அடிவரை வீடுகளுக்கு ஏறிப்போனது.

நேற்றுக் காலை பம்பு அறையில் சின்னப் பம்பு விட்டுவிட்டுக் கத்தியது. தீக் குழாயில் அழுத்தம் குறைந்தால் தானாக ஓடி நிரப்புவது அது. நிரப்பத் தண்ணீர் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் போனபோது, கட்டடச் சங்கத்தின் செயலாளரான வாப்பா சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு அடியில கெடக்கு வாப்பா."

"தண்ணி இல்லாட்டி அப்பிடித்தான் கெடக்கும். மேல போங்க."

"வால்வ மூடிட்டு நிரப்புவோமே."

"மூடினா ரெண்டு நாளைக்கு ஒரு வீட்டுக்கும் தண்ணி ஏறாது. ஆறாம் மாடியில ஷமீலா பச்ச உடம்போட இருக்கா. புள்ளட துணி கழுவத் தண்ணி இல்லன்னு நீங்க போய்ச் சொல்றீங்களா?"

வாப்பா பம்பு அறைக் கதவைச் சாத்தினார்.

"ஒருத்தர்ட்டயும் கதைக்கவும் வேணாம். ஆக்கள் பயந்துடுவாங்க."

வாப்பா கெட்டவர் அல்ல. அவர் ஷமீலா ராத்தாவைத்தான் நினைத்தார். நானும் அவரைத்தான் நினைக்கிறேன். பச்சை உடம்போடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, புகைக்குள் ஆறு மாடி இறங்குவதை நினைக்கிறேன். இன்று மாலை படிக்கட்டில் கருகிய மணம் வந்தது. யார் வீட்டிலோ பால் அடுப்பில் வழிந்ததாம். அந்த மணம் போகும்வரை நான் குழாய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பெட்டியைத் திறந்து குழாயை விரித்தால் என்ன வரும் என்று இந்தக் கட்டடத்தில் வாப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

வால்வை மூடுங்கள். அடுத்த பவுசர் தண்ணீரை முழுவதும் தாங்கியில் நிற்கவிடுங்கள். சுவிட்சைப் போடுங்கள். இரண்டு நாள் வாளித் தண்ணீரில் இருப்போம். ஷமீலா ராத்தாவின் வீட்டுக்கு நான் என் தோழியின் வீட்டிலிருந்து தண்ணீர் தூக்கித் தருகிறேன். குழந்தையின் துணியையும் நானே கழுவித் தருகிறேன்.

ஹனீபா மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய உடுப்புப் பையைத் தங்கச்சி எடுத்துப் போய்விட்டார். எனக்கு மிஞ்சியது அவருடைய பயம். அதை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் அதோடுதான் ஒவ்வொரு நாளும் கீழே இறங்கிப்போய் அந்த முள்ளைப் பார்த்தார்.

இதை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்றை லிப்ட் கண்ணாடியில் ஒட்டுவேன். மற்றதை வாசலில் வாப்பாவின் செருப்புக்குள் வைப்பேன். சுபஹுக்குப் போகும்போது அவர்தான் முதலில் வாசிக்கவேண்டும். இரண்டிலும் என் பெயரை எழுதியிருக்கிறேன்.

பாத்திமா நுஹா
நாலாம் மாடி, இடதுபக்க வீடு