பந்தைத் தொடாத அண்ணா

எங்கள் குடும்பத்தில் பந்தை ஒரு தடவைகூடத் தொடாமல் விளையாட்டுக்காரன் என்று பெயரெடுத்தவர் அண்ணா ஒருவர்தான். இப்போது அதை அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அது சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை. என் அண்ணா பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுகிறார், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே அவர்தான் என்று பள்ளிக்கூடத்தில் நான் ஏற்கெனவே நாலு பேருக்கு அளந்துவிட்டிருந்தேன்.

நாங்கள் அப்போது லண்டனில் சட்டன் என்கிற இடத்தில் இருந்தோம். அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது, முதலாம் வருடம், வீட்டிலிருந்தே ரயிலில் போய்வந்தார். சின்ன வயதிலிருந்தே ஆள் நல்ல பருமன். பிறந்தநாள் வீடு, கலியாண வீடு எங்கே போனாலும் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்த்து, "தம்பி, இனிக் காணும் என்ன?" என்று சாப்பாட்டை நிறுத்தச் சொல்ல ஒரு மாமி எங்கிருந்தாவது முளைத்துவிடுவா. பள்ளிக்கூடத்தில் உதைபந்து என்றால் கோல் காவலுக்கு விடுவார்கள், கிரிக்கெட் என்றால் அம்பயர். அப்படிப்பட்டவரைப் பல்கலைக்கழகத்தில் யாரோ ஒருவன் மேலும் கீழும் பார்த்து, இவ்வளவு காலமும் நீ எங்கே இருந்தாய், உன்னைப் போல ஒருவனைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறான். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அண்ணா குளிக்கும்போது பாட்டுப் பாடினார். அதற்கு முன்பு அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

தை மாதத்தில் வினை வந்தது. ஒரு பாடத்தில் அண்ணா கோட்டை விட்டுவிட்டார். அப்பா கத்துகிற ஆள் இல்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை, அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அப்பா நேரில் பார்த்து, கேள்வி கேட்டு, பிறகு தீர்ப்புச் சொல்லுகிற ஆள்.

"ஒரு நாள் வந்து பாக்கிறன். பிரயோசனமான விளையாட்டெண்டால் விளையாடு. இல்லாட்டி அண்டையோட விட்டிட்டுப் படி."

அண்ணா "ஓம்" என்றார். அந்த நாட்களில் அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் அதைவிட நீளமான பேச்சு நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சாப்பிட்டியோ என்று இவர் கேட்பார், ஓம் என்று அவர் சொல்லுவார், அதோடு சரி.

அந்த வாரம் முழுக்க அண்ணா பாடவில்லை. இந்த விளையாட்டைப் பற்றி முதலே இரண்டு வார்த்தை சொல்லித் தந்திருக்கலாம். வந்து பார்த்தால் விளங்கும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

விளங்கப்படுத்துகிற பொறுப்பைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். சித்தப்பா அப்பாவின் தம்பி, பிரான்சில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். எந்த நாட்டில் எந்தப் பந்து உருண்டாலும் அதைப்பற்றி அவரிடம் ஒரு கருத்து இருக்கும். இந்தப் பந்து இரண்டு பக்கமும் கூர், ஒழுங்காக உருளாது என்பது மைதானத்துக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் மனுசன் அசரவில்லை.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டுச் சேறு கிடந்தது. பார்க்க வந்தவர்கள் ஐம்பது பேர் இருந்தாலே பெரிய விஷயம். அதில் நாங்கள் நாலு பேர், அம்மா விடியவே எழும்பிப் பொரித்த மட்டன் ரோல்ஸ் இரண்டு பெரிய பெட்டி, ஒரு ஃபிளாஸ்க் ரீ. மைதானத்தில் எல்லாரும் ஹெல்மெற்றுக்குள் இருந்தார்கள், எங்கள் ஆள் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. அம்மா ஒரே பார்வையில் அறுபத்தேழாம் நம்பரைக் காட்டினா. நடையைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று என்னை ஏசியும் விட்டா.

ஆட்டம் இப்படித்தான் நடந்தது. இரண்டு பக்கமும் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். யாரோ ஒருவன் கத்துவான். உடனே இரண்டு வரிசையும் கடா முட்டுகிற மாதிரி முட்டிக்கொள்ளும். அந்தக் குழப்பத்துக்குள்ளால் ஒரு ஒல்லிப் பெடியன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவான். அவனை விழுத்துவார்கள். விசில் அடித்ததும் எல்லாரும் எழும்பி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். அண்ணா முன்வரிசையில் இடது பக்கம். ஒவ்வொரு முறையும் முன்னால் நின்றவனை முட்டினார், தள்ளினார், விழுந்தார், சேற்றைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். பந்து இருந்த பக்கம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணா எத்தனை தடவை பந்தைத் தொடுகிறார் என்று விரல் மடித்து எண்ண நான் தயாராக இருந்தேன். ஒரு விரலுக்கும் வேலை வரவில்லை.

சித்தப்பாவுக்கு இரத்தம் கொதித்தது. "பாத்தியளே அண்ணை, எங்கட பெடியனுக்குப் பந்தே குடுக்கிறாங்கள் இல்லை." இடைவேளையில் கோச்சைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்காமல் விடமாட்டேன் என்று சபதம் எடுத்தார். அம்மா ஒரு ரோல்ஸைக் கொடுத்து அவருடைய வாயை அடைத்தா. அப்பா கைகளை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு ஆட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் கழித்துச் சித்தப்பாவுக்கு ஞானம் பிறந்தது. இது வேறொன்றும் இல்லை, எங்கள் ஊர்க் கிளித்தட்டுதான். கிளித்தட்டில் கோட்டில் நிற்கிறவனுக்கு என்ன வேலை? தன்னைக் கடந்து போகப் பார்க்கிறவனை மறித்துப் பிடிக்கவேண்டும். அண்ணா கோட்டில் நிற்கிறார், ஆனால் யாரையும் பிடிக்கிறார் இல்லை. அதுதான் பிழை. பிடிக்கத் தொடங்கினால் பந்து தானாக வரும். சின்ன வயதில் அப்பாவும் சித்தப்பாவும் கிளித்தட்டில் புலிகளாம், அதனால் அப்பா மெல்லத் தலையாட்டினார். ஆராய்ச்சி முடிந்தது.

அடுத்த முறை வரிசைகள் முட்டிக்கொண்டபோது எதிரணியின் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் அண்ணாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தான். ஒரு சொல்லும் சொல்லாமல் நின்ற அப்பா, ஜாக்கெட்டிலிருந்து கையை உருவிக்கொண்டு, மைதானம் அதிரக் கத்தினார்.

"பிடியடா! விடாதை!"

பத்தொன்பது வருடமாக அந்தக் குரல் சொன்னதைச் செய்து பழகிய அண்ணா என்ன செய்வார்? பிடித்தார். சட்டையோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்து அவனைச் சேற்றில் போட்டார். ஒல்லிப் பெடியன் அந்த வழியால் விரைந்து ஓடி, ஓடி, ஓடி, கடைசிக் கோட்டையும் தாண்டிவிட்டான். ஐயோ, நாங்கள் குதித்த குதி! சித்தப்பா முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவரைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

அப்போது பார்த்தால் புல்லில் ஒரு மஞ்சள் துணி கிடந்தது. நடுவர் எறிந்தது. பக்கத்தில் ஒல்லிப் பெடியனின் தகப்பன் நின்றார், லூயிஷாமிலிருந்து வந்திருந்த உயரமான கறுப்பினத்து மனிதர். அவர்தான் ஆறுதலாக எங்களுக்கு விளங்கப்படுத்தினார். முன்வரிசைக்காரர் தள்ளலாம், மறிக்கலாம், ஆனால் பிடிக்கக் கூடாது. யாரோ பிடித்துவிட்டபடியால் அந்தப் புள்ளி செல்லாது. யார் பிடித்தது என்று அப்பா கேட்டார், தெரியாதவர் போல. அறுபத்தேழு என்றார் அவர். பிறகு எங்களை ஒருமுறை பார்த்து, நல்ல பையன், இன்றைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றும் சொன்னார்.

கோச் அண்ணாவை வெளியே கூப்பிட்டார். அண்ணா ஓரமாகக் கிடந்த நீள வாங்கில் போய் இருந்து ஹெல்மெற்றைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்தது, இனி வீட்டில் பாட்டு இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ஒல்லிப் பெடியன் மூன்று தடவை ஓடினான். மூன்று தடவையும் தொடங்கிய இடத்திலேயே கவிழ்ந்தான். சித்தப்பா அவனுக்குக் காலில் ஏதோ கோளாறு என்றார்.

"கோளாறு அவனிலை இல்லை. பிள்ளை நிண்ட இடத்தாலைதான் அவன் இவ்வளவு நேரமும் ஓடினவன். இப்ப அந்த இடம் மூடிப்போச்சு," என்றா அம்மா.

நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். அம்மாவுக்கு இந்த விளையாட்டில் எத்தனை பேர் என்றுகூடத் தெரியாது. ஆனால் நாங்கள் எல்லாரும் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம் அம்மா தன் பிள்ளையை மட்டும்தான் பார்த்திருக்கிறா. வலது பக்கத்தால் ஓடினால் ஒரு சாண்கூட நகரவில்லையாம், இடது பக்கத்தால் ஓடினால் ஒவ்வொரு முறையும் நாலைந்து அடி தாண்டினானாம். ஒவ்வொன்றாகச் சொன்னா. லூயிஷாம்காரருக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண்ணை விரித்துக்கொண்டு, இதைத்தான் நானும் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் மகனின் ஓட்டம் பாதி உங்கள் மகனுடையது என்றார்.

அப்பா இன்னும் விடவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதும் ஒரு விளையாட்டா, பின்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாமல், என்று முணுமுணுத்தார்.

அம்மா ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டு கேட்டா: "ஏன், தேரண்டைக்கு நீங்கள் சனத்தை மறிச்சுக் கயிறு பிடிக்கேக்கை, சாமியைத் திரும்பிப் பாத்துக்கொண்டே நிக்கிறனீங்கள்?"

ஒவ்வொரு வருடமும் கோயில் தேர் வெளிவரும்போது சனத்தை விலக்கித் தேருக்கு வழியெடுக்கிற கயிறு அப்பாவின் கையில்தான் இருக்கும். வேட்டியோடு, வேர்க்க விறுவிறுக்க, தேருக்கு முதுகு காட்டி நிற்பார். சாமி வீதி சுற்றி உள்ளே போன பிறகுதான் அவர் கும்பிடுவார். அம்மா கேட்டு முடித்ததும் அப்பா சட்டென்று கயிற்றுத் தடுப்பைத் தாண்டி நடக்கத் தொடங்கினார்.

நேரே கோச்சிடம் போனார். நான் வெட்கத்தில் அம்மாவின் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஆனாலும் கேட்டது. பிழை என்னுடையது, பிடி என்று சொன்னது நான், அவன் சொல்வழி கேட்கிற பிள்ளை, அவனைத் தண்டிக்க வேண்டாம் என்று அப்பா தன்னுடைய ஆங்கிலத்தில், நெஞ்சில் கையை வைத்துச் சொன்னார். எங்கள் அப்பா ஒருவரிடம் பிழை ஒத்துக்கொண்டதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கோச் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். வாங்கில் இருந்த அண்ணா தலையைக் குனிந்துகொண்டார். இடைவேளைக்குப் பிறகு அண்ணா மறுபடியும் உள்ளே போனார். அப்பா சிபாரிசு செய்தபடியால்தான் விட்டார்கள் என்று சித்தப்பா இன்றுவரை சாதிக்கிறார். ஆளை மாற்றி மாற்றி விடுவது அந்த விளையாட்டில் சாதாரணம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாம் பாதியில் நாங்கள் யாரும் பந்தைப் பார்க்கவில்லை. அறுபத்தேழைப் பார்த்தோம். அவர் ஒருவனைத் தள்ள, பக்கத்தில் நின்றவன் இன்னொருவனைத் தள்ள, நடுவில் ஒரு கதவு திறக்கும். ஒரு கண்வெட்டுத்தான். அதற்குள்ளால் ஒல்லிப் பெடியன் போய்விடுவான். வலது பக்கம் பலவீனம், அங்கே ஒரு நல்ல ஆள் போடவேண்டும் என்று அம்மாவும் லூயிஷாம்காரரும், என்னை நடுவில் வைத்து, நெடுநாள் சிநேகிதர் மாதிரிக் கதைத்தார்கள். அப்பா மறுபடியும் பிழையாக ஏதாவது கத்திவிடுவேனோ என்று பயந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கடைசியில் கோட்டுக்கு இரண்டு அடி கிடந்தபோது பொறுக்கமாட்டாமல், நின்றுபோன காரைத் தள்ளுகிறவர்களுக்குச் சொல்லுகிற மாதிரி, "தள்ளு! தள்ளு! தள்ளு!" என்று தொடங்கினார். சித்தப்பா சேர்ந்தார், லூயிஷாம்காரரும் தமிழில் சேர்ந்தார். அண்ணா முன்னால் நின்றவனோடு சேர்ந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார். அவருடைய முதுகுக்கு மேலால் ஒல்லிப் பெடியன் விழுந்தான். இந்தமுறை மஞ்சள் துணி இல்லை.

ஆட்டத்தில் தோற்றுத்தான் போனோம், மூன்று புள்ளியால். ஆனால் ஒல்லிப் பெடியன் ஓடிவந்து அண்ணாவின் கழுத்தில் தொங்கினான். முன்வரிசை ஐந்து பேரும் வந்து ரோல்ஸ் பெட்டிகளைக் காலி செய்தார்கள். இனிக் காணும் என்று அங்கே ஒருவரும் யாருக்கும் சொல்லவில்லை.

சித்தப்பா தன்னுடைய காரில் போய்விட்டார். வீட்டுக்குப் போகும்போது அண்ணா முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார், நானும் அம்மாவும் பின்னால். கார் வெளிக்கிட்டதும் அப்பா தொடங்கினார். பின்னால் வருகிறவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்று முதலே தெரியுமா? பிடிக்காமல் எப்படி மறிக்கிறது? காலை எங்கே வைக்கிறது? அண்ணா பதில் சொன்னார். முதலில் ஒரு வார்த்தை, பிறகு ஒரு வசனம், பிறகு இரண்டு கையையும் விரித்துப் பெரிய விளக்கம். ஒன்று முடிய அப்பா அடுத்த கேள்வியைக் கேட்டார். தீர்ப்புக்கு முந்திய விசாரணை இது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தீர்ப்பு எப்போது வரும் என்று பின்சீட்டில் காத்திருந்தேன்.

எங்கள் தெருவை அப்பா தாண்டிப் போனார். "அப்பா, எங்கட றோட்டை விட்டிட்டீங்கள்!" என்று கத்தினேன். "ஓம், ஓம்," என்றார், ரவுண்டபவுட்டைச் சுற்றி வந்தார், மறுபடியும் தாண்டிப் போனார். நான் வாயைத் திறக்க, அம்மா தொடையில் கிள்ளினா.

ஒருவழியாக வீட்டு வாசலில் கார் நின்றது. நானும் அம்மாவும் இறங்கி உள்ளே வந்துவிட்டோம். அவர்கள் இறங்கவில்லை. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். காருக்குள் அண்ணா பேசிக்கொண்டிருந்தார், அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மூச்சுப் புகார் படர்ந்து இரண்டு உருவம் மட்டும்தான் தெரிந்தது. இவ்வளவு நேரம் எடுத்தால் தீர்ப்பு நல்லதாக இருக்க முடியாது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. விசாரணை எப்போது முடியும் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இண்டைக்கு முடியாது போலக் கிடக்கு, பிள்ளை," என்றா அம்மா. சொல்லிவிட்டு, நான் அழுதுகொண்டு நிற்கும்போதே, தன்பாட்டில் சிரித்துக்கொண்டு அடுப்பில் ரீக்குத் தண்ணீர் வைத்தா. பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு நிலைமை வந்திருக்கும்போது ஒரு தாயால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது.