தீப்பெட்டிக் கம்ப்யூட்டருக்குச் சார்ஜ் ஏற்றிய கதை

விண்வெளியில் என்னைத் தன்னந்தனியாக விட்டுவிட்டுப் போனபோது நான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். விட்டுவிட்டுப் போனவர்கள் வேறு யாருமில்லை, மேலூரிலிருந்து லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பா மகன்கள் இரண்டு பேரும்தான். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை.

அப்போதெல்லாம் மதுரையில் ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. இல்லாத நேரத்தில் எங்கள் மூன்று பேரையும் அடக்கி வைக்கிற பொறுப்பு மாமாவின் தலையில் விழுந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. இன்ஜினியரிங் முடித்துவிட்டு எங்கள் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார். அதற்காக அவர் எடுத்துவிட்டது காலேஜ் ஹாஸ்டலில் கற்றுக்கொண்டு வந்த ஒரு விளையாட்டு. நாங்கள் மூவரும் விண்வெளிக் கப்பலில் போகிறவர்கள். எந்தக் கோளில் இறங்குகிறோம், எதிரே என்ன வருகிறது என்று மாமா கதை சொல்லுவார். என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும்.

அந்தக் கப்பலில் ஆளுக்கொரு கைக்கம்ப்யூட்டர் செய்துகொள்ளலாம். அதற்கு மாமா போட்ட சட்டங்கள் இருக்கின்றனவே, அப்பப்பா! கம்ப்யூட்டர் என்பது ஒரு காலி டப்பா. சார்ஜ் என்பது புளியங்கொட்டை. முதல் தடவை மட்டும் மாமாவே டப்பாவை நிரப்பிக் கொடுப்பார். கம்ப்யூட்டரிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு கொட்டை போய்விடும். டப்பா பெரிதாக இருந்தால் கொட்டை நிறையப் பிடிக்கும், ஆனால் கனம். தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்று தாயத்தில் விழுந்ததிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுவார். பெரியண்ணன் ஊறுகாய் டப்பாவை எடுத்துக்கொண்டான். சின்னண்ணன் சோப்பு டப்பாவை எடுத்தான். எனக்கு மிஞ்சியது தீப்பெட்டி.

சார்ஜ் ஏற்றுவதற்குத்தான் ரொம்பக் கறாரான சட்டம். வீட்டில் நிஜமாகவே கரண்ட் இருக்க வேண்டும். மாமா அறையின் பிளக் பாயிண்டுக்குக் கீழே டப்பாவை வைத்துக்கொண்டு, கரண்ட் மறுபடி போகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசினாலும் டப்பா காலி. எவனும் செய்யமாட்டான் என்ற தைரியத்தில்தான் மாமா அதைப் போட்டிருப்பார். கரண்ட் வந்ததும் அண்ணன்மார் டிவிக்கு ஓடுவார்கள், பின்னாலேயே நானும் ஓடுவேன். மாமா தன் லேப்டாப்பைச் சொருக ஓடுவார். அதன் பேட்டரி செத்து ரொம்ப நாளாகியிருந்தது.

அன்றைக்குக் காலையில் ஒரு சிவப்புக் கோளில் இறங்கி வழி தவறிவிட்டோம். கப்பல் எந்தப் பக்கம் என்று கேட்க என் தீப்பெட்டியில் ஒரு கொட்டைகூட இல்லை. அண்ணன்மார் தங்களுடைய கடைசிக் கொட்டைகளைச் செலவழித்துக் கப்பலைப் பிடித்துவிட்டார்கள்.

“இவளுக்காக எம்புட்டு நேரம் நிக்கிறது? கப்பல எடுங்க மாமா” என்றான் பெரியண்ணன்.

கப்பல் போயே போய்விட்டது. அடுத்த கரண்ட் கட்டில் ஆட்டம் தொடங்கியதும் நான் அதைத் திரும்ப வரவழைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்காற்று தீர்ந்து ஆட்டத்திலிருந்தே வெளியே என்று மாமா தீர்ப்புச் சொன்னார். வெளியே என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். லீவு முடிகிற வரை அவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்து, உருண்டோடும் கொட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்துத் திரிய வேண்டும்.

கரண்ட் வந்தது. கூடத்தில் எனக்குப் பிடித்த கார்ட்டூனின் பாட்டுக் கேட்டது. கால் தானாக எழுந்தது. அதை இழுத்து மடக்கி, தீப்பெட்டியோடு பிளக் பாயிண்டுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

மாமா என்னைப் பார்த்துத் திகைத்துப் போனார். “டிவி பாக்கப் போகலையா நீ?” என்றார். நான் தீப்பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். ஒரு நிமிடம் யோசித்தவர், “சரி, மூச்சுக் காட்டக் கூடாது” என்றார்.

பிறகு அவர் செய்ததெல்லாம் விநோதம். கைலிக்கு மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டினார். தலையைப் படிய வாரினார். லேப்டாப்பில் ஒரு கண்ணாடிக்காரர் முகம் வந்ததும் விறைப்பாக உட்கார்ந்து இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். வரிக்கு வரி சார், சார் என்றார். சத்தியமாக அது கப்பலின் தலைமையகம் என்றுதான் நினைத்தேன். எனக்காக மாமா எவ்வளவு பணிவாகப் பரிந்து பேசுகிறார் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “அடியே, கூப்புடுறது காதுல விழுகுதா இல்லையா?” விழுந்தது, வாயைத் திறக்கவில்லை. அடுத்துப் பெரியண்ணன் வந்தான். என்னைப் பேச வைத்துவிட வேண்டும் என்று வாசற்படியில் நின்று பழிப்புக் காட்டினான். பாடுவதற்கு வாயை வேறு திறந்தான். மாமாவின் முகம் வெளிறிவிட்டது. முகத்தில் சிரிப்பு மாறாமல், மேசைக்குக் கீழே கையை மட்டும் போ, போ என்று ஆட்டினார். நான் எழுந்து போய்ப் பெரியண்ணன் கையைக் கடித்தேன். கடிப்பது பேச்சில் சேராது. அவன் அம்மாவிடம் ஓடியதும் கதவைச் சாத்திக் கீழ்த்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மாமா தேங்க்யூ சார், தேங்க்யூ சார் என்று சொல்லி லேப்டாப்பை மூடினார். கொஞ்ச நேரத்தில் மின்விசிறி நின்றது. அவ்வளவுதான், மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார் பாருங்கள், ஒரு குதி! என்னைத் தூக்கிச் சுற்றினார். தீப்பெட்டி மூட முடியாத அளவுக்குக் கொட்டைகளை அமுக்கினார். சார்ஜ் ஏறியதற்கே இந்தக் கொண்டாட்டமா என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. எடுத்த எடுப்பில் தாயம் போட்டேன். ஒரு கொட்டை கொடுத்துக் கப்பலைக் கூப்பிட்டேன், வந்தது. ஏறிப் பார்த்தால் அண்ணன்மாருக்கு எங்கே போவதென்றே தெரியவில்லை. ஊறுகாய் டப்பாவும் காலி, சோப்பு டப்பாவும் காலி.

“பாப்பா, எந்தப் பக்கம்னு உன் பெட்டியக் கேளேன்” என்று குழைந்தான் பெரியண்ணன்.

“கேப்டன்னு கூப்புடு.”

கூப்பிட்டான். லீவு முடிகிற வரை கூப்பிட்டான்.

சாயங்காலம் கப்பலூரில் வேலை முடித்து வந்த அப்பா, எல்லோருக்கும் பன் பரோட்டா வாங்கி வந்தார். கேப்டனுக்கு விருந்து என்று புரிந்துகொண்டேன். கடித்ததற்கும் பதில் சொல்லாததற்கும் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. கேப்டனை யார் திட்டுவார்கள்?

“சாதிச்சுட்ட மாப்ள” என்று அப்பா மாமாவின் தோளில் தட்டினார்.

“எல்லாம் இவளாலதான் மச்சான்” என்று மாமா என்னைக் காட்டினார்.

அதை நான் தலையாட்டி ஏற்றுக்கொண்டேன். சென்னை, சம்பளம், அடுத்த மாதம் சேர வேண்டும் என்று பெரியவர்கள் என்னென்னவோ பேசினார்கள். என் வெற்றியைப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் சென்னை எதற்கு வருகிறது என்று எரிச்சலாக இருந்தது. அம்மா மட்டும் எதுவும் பேசவில்லை. பரோட்டாவைப் பிய்த்து மாமாவின் இலையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சால்னா காரம் போலிருக்கிறது என்று நினைத்து, சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.