ஞானசேகரனின் காது மடல்

நல்ல சீட்டு வந்தால் ஞானசேகரனின் காது மடல்கள் சிவக்கும். மோசமான சீட்டு வந்தால் மீசை நுனியைக் கடிப்பார். பாசிர் ரிஸ் வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஞாயிறு மத்தியானம் அவரோடு போக்கர் ஆடும் மற்ற இருவருக்கும் இந்தத் தகவலே போதும்.

துவாஸ் எல்லைச் சோதனைச் சாவடியில் காலமெல்லாம் சுங்க அதிகாரியாக வேலை பார்த்தவர். லாரி ஓட்டுநர் கண்ணாடியை இறக்கும்போதே, முகத்தைப் பார்த்து சிகரெட் ஒளித்திருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார் என்று பெயர். ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை. பேரங்காடி வரிசையில் முன்னால் நிற்பவரை லேசாகப் பார்ப்பார். அந்த மனிதர் காரணமே இல்லாமல் தன் பையைத் திறந்து காட்டுவார்.

இப்படிப்பட்டவருக்குப் போக்கர் தண்ணீர் பட்ட பாடு என்று நம்பித்தான் மைத்துனர் ரஞ்சன் அந்தப் பழைய ஐந்து சீட்டு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். பிடிக்காத சீட்டை மாற்றிக்கொள்ளலாம். பந்தயம் வேர்க்கடலை. கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் கடலையைத் தாராளமாக நடுவில் தள்ளி, மற்றவர்கள் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிடும்படி செய்யலாம்.

"அதான் மச்சான் ப்ளஃப். முகத்துல ஒண்ணும் தெரியக் கூடாது லா" என்றார் ரஞ்சன்.

ஞானசேகரனுக்குப் புரிந்தது. முகத்துக்குத்தான் புரியவில்லை. தொப்பியை இழுத்துக் காதை மூடினார்; கழுத்து சிவந்தது.

கடைசியில் கையில் கடலை குறைவாக உள்ளவர் மறுநாள் சமூக மன்றத்தில் ஸும்பா என்ற உடற்பயிற்சி நடனம் ஆட வரவேண்டும் என்பது மனைவி உமாமகேஸ்வரி வைத்த சட்டம். ரஞ்சன் இதுவரை போனதில்லை. ஞானசேகரன் வாராவாரம் போனார். அத்தனை பெண்களும் இடப்பக்கம் திரும்பும்போது இவர் மட்டும் வலப்பக்கம் திரும்பி, அவர்களை நேருக்கு நேர் பார்த்தபடி குதித்தார். போன வாரம் பயிற்றுநர் அவரை முன்வரிசைக்கு மாற்றிவிட்டார். அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு, கடைசி ஆட்டம். அவரிடம் மிச்சம் ஒரு பிடி கடலை. ரஞ்சன் சீட்டைப் பங்கிட்டதும், ஞானசேகரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததை மாட்டிக்கொள்ளாமல் பைக்குள் போட்டார். சீட்டுகளைத் தூக்கிப் பிடித்தார். சிவப்பும் கறுப்புமாக ஏதோ கலங்கித் தெரிந்தது.

எத்தனை மாற்ற வேண்டும் என்று ரஞ்சன் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி, ஞானசேகரன் இருந்த கடலையை எல்லாம் நடுவில் தள்ளினார்.

ரஞ்சன் ஞானசேகரனின் காதைப் பார்த்தார். உமாமகேஸ்வரி அவருடைய மீசையைப் பார்த்தார். முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. ரஞ்சன் கவிழ்த்துவிட்டார். உமாமகேஸ்வரி கையில் மூன்று ராஜாக்கள். கணவரை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அவரும் மனசில்லாமல் கவிழ்த்தார்.

கடலை மொத்தமும் ஞானசேகரனுக்கு. ஜெயித்தவர் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை என்பதுதான் முறை. ஆனாலும் உமாமகேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"என்னாங்க, அப்படி என்னதான் வச்சிருந்தீங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீயே பாத்துச் சொல்லு" என்று ஐந்து சீட்டையும் அவர் பக்கம் நீட்டினார் ஞானசேகரன்.