சீனப் பிரபுவின் வீட்டுக்குள் சப்பாத்தோடு

இன்று நாங்கள் குடியேறியிருக்கும் அஜக்ஸ் நகருக்குப் போகும் ரெயினில் பக்கத்துவீட்டு ராசன் அண்ணைக்கு என் பெய்ஜிங் படங்களைக் காட்டினேன். அந்தக் காலத்துப் பிரபு ஒருவரின் மாளிகை, தாமரைக் குளம், மூங்கில் தோட்டம்.

படுக்கையறைப் படத்தில், என் காலணிகளில் அவருடைய விரல் நின்றது.

"சப்பாத்தோடயோ உள்ளுக்க போனனீங்கள்?"

"ஓம் அண்ணை, எல்லாரும் அப்பிடித்தான். வீட்டுக்காரர் ஒருத்தரும் இப்ப இல்லைத்தானே."

அண்ணை போனைத் திருப்பித் தந்தார். ஊரில், பலாலியில், யுத்தத்தின்போது படையினர் பிடித்துக்கொண்ட அவருடைய வீட்டில் இன்னமும் ஆமி இருப்பது அப்போதுதான் என் மண்டைக்குள் ஏறியது.

"என்ர வீட்டுக்குள்ளயும் சப்பாத்தோடதான் நிக்கிறாங்கள். ஆனா வீட்டுக்காரன் நான் உயிரோட இருக்கிறன்."



அந்தப் படம் இன்னும் என் முகநூல் பக்கத்தில் கிடக்கிறது. லைக் போட வருகிறவர்கள் தயவுசெய்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள்.