ஒரிஜினல் மாதிரி பாடச் சொன்னார்கள்

“சிஸ்டர், ஒரிஜினல்ல இல்லாத சங்கதியெல்லாம் போடாதீங்க. ஜனங்க காது அதுக்குப் பழகிடுச்சு.”

திருவெறும்பூரில் தொழிற்சாலைக் குடியிருப்பு மைதானத்தில் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மெல்லிசைக் குழுத் தலைவர் என்னிடம் சொன்னது இது. அன்று மேடையில் நான் பாட வேண்டிய அந்தப் பாட்டை எழுதியவள் நான். மெட்டுப் போட்டவளும் நான். அதைச் சொன்னேன்.

“அப்படியா? ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். ஆனா ரெக்கார்டுல பாடினது நீங்க இல்லையே?” என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

என் குரல் கனமானது. அப்பா ரயில்வேயில் இருந்தார். பொன்மலை குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் ஞாயிறு மதியங்களில் சோல் பாட்டுகள் ஓடும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயப் பாட்டிலிருந்து வளர்த்தெடுத்த இசை அது. குரல் நெஞ்சிலிருந்து கிளம்பும். உடைய வேண்டிய இடத்தில் உடையும், யாரும் அதற்காக மன்னிப்புக் கேட்பதில்லை. ஒரு பெண் இப்படியும் பாடலாம் என்று எனக்குத் தெரிந்தது அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான். கல்லூரியில் நாங்களே ஒரு குழு வைத்திருந்தோம். தமிழில் அந்த மாதிரிப் பாட்டுகள் எழுதினேன், இணையத்தில் போட்டேன். பட்டுக்கடை விளம்பரங்களுக்கும் பாடினேன். அங்கெல்லாம் ஒரே பல்லவிதான்: “கொஞ்சம் ஸ்வீட்டா பாடுங்க மேடம்.” கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த பிறகு அத்தை வேறு விதமாகக் கேட்டார்: “ஏம்மா, தொண்டை கட்டியிருக்கா? மிளகு ரசம் வைக்கவா?”

மகள் பிறந்தாள். பகலில் தூங்கவே மாட்டாள். தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்த ஒரு மதியத்தில் இந்தப் பாட்டு வந்தது. ‘இன்னும் கொஞ்சம் தூங்கு, என் பேர் எனக்கு ஞாபகம் வரட்டும்’ என்று தொடங்கும். போனில் பாடி, சென்னையில் எனக்குத் தெரிந்த இசையமைப்பாளர் ஒருவருக்கு அனுப்பினேன். அவருக்குப் பிடித்துவிட்டது. “திருச்சியிலேயே ஒரு ட்ராக் பாடி அனுப்புங்க மேடம்” என்றார்.

ட்ராக் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பெரிய பாடகர் வந்து கேட்டுப் படித்துக்கொள்வதற்காக இன்னொருவர் முன்கூட்டியே பாடிவைப்பது. பெரியவர் பாடியதும் முன்னதை அழித்துவிடுவார்கள். ஆனால் பாட்டே என்னுடையதாயிற்றே! எனக்கு நானே வழிகாட்டப் பாடுகிறேன், பிறகு சென்னைக்குக் கூப்பிட்டு நன்றாகப் பாடவைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டுத் தெளிவுபடுத்தியிருக்கலாம். கைக்குழந்தைக்காரி ஏற்கெனவே நிறையக் கேள்வி கேட்கிறாள் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று கேட்கவில்லை.

மன்னார்புரத்தில் ஒரு மாடி ஸ்டுடியோ. அத்தை மடியில் குழந்தையோடு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். நான் சரணத்தில் இருந்தபோது பாப்பா சிணுங்க, கதவு லேசாகத் திறந்திருந்ததால் அந்தச் சிணுங்கலும் பதிவாகிவிட்டது. இன்னொரு முறை பாடுகிறேன் என்றேன். “இருக்கட்டும் மேடம், ஃபீலா இருக்கு” என்றார் ஒலிப்பதிவாளர்.

பாட்டு வெளிவந்ததை என் கணவர்தான் அலுவலகத்திலிருந்து அனுப்பினார். அடுப்பில் பால் இருந்தது, அணைத்துவிட்டுக் கேட்டேன். முதலில் என் மகளின் சிணுங்கல். அதன் பிறகு வேறு ஒரு பெண்ணின் குரல், தேன் தடவியது போல. நான் உடைத்த இடங்களையெல்லாம் வழவழவென்று பூசியிருந்தார்கள். சிணுங்கல் மட்டும் சரணத்துக்கு முன்னாலும் ஒரு முறை வந்தது. இசை, வரிகள் இரண்டுக்கும் அந்த இசையமைப்பாளரின் பெயர். என் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் வரிசையில், சாப்பாடு கொண்டுவந்தவரின் பெயருக்குப் பக்கத்தில்.

போன் செய்தேன். “ட்ராக்னு சொல்லித்தானே மேடம் பாடினீங்க? மெட்டை நான் எவ்வளவு டெவலப் பண்ணியிருக்கேன், கேட்டீங்களா?” என்றார்.

“விடு. அடுத்த பாட்டுல எழுதி வாங்கிட்டுப் பாடு” என்றார் கணவர். அத்தை தெருவெல்லாம் போனைக் காட்டினார்: “எங்க பேத்தி குரல், கேளுங்க!” யாரும் தவறாக எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமூட்டியது. குழந்தை சிணுங்கினால் உணர்ச்சி. அவளைச் சுமந்து நடந்தவள் பாடினால் மட்டும் அது கரகரப்பா?

அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஓடிய பிறகுதான் மெல்லிசைக் குழு என்னைக் கூப்பிட்டது. நம்மூர் மேடையில் ‘அச்சு அசல் அப்படியே’ என்பதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. அதனால் ரெக்கார்டில் பாடியவளின் குழைவுகளை வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். என் பாட்டை நான் பிரதி எடுத்தேன்! ஒத்துக்கொண்டுவிட்டோமே, சரியாகச் செய்ய வேண்டாமா?

மேடையில் பல்லவியை அவளைப் போலவே பாடினேன். கைதட்டினார்கள். சரணத்துக்கு முன்னால் கீபோர்டுக்காரர் ஒரு கட்டையைத் தட்டினார். பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து என் மகளின் சிணுங்கல் மைதானம் முழுக்க வந்தது. ரெக்கார்டிலிருந்து அதைத் தனியாக எடுத்துக் கீபோர்டில் ஏற்றிவைத்திருந்தார். ஒத்திகையில் அதை அவர் வாசித்துக் காட்டவில்லை. முதல் வரிசையில் அத்தை மடியில் என் மகள் வாயில் பிஸ்கட்டோடு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கோ பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

அதற்கு மேல் அவளைப் போலப் பாட வரவில்லை. குரலை இறக்கினேன். பல்லவிக்குத் திரும்பி ‘என் பேர் எனக்கு ஞாபகம் வரட்டும்’ என்ற இடத்தில், பாட்டு பிறந்த மதியத்தில் வீட்டில் உடைந்த மாதிரியே உடைத்தேன். தலைவர் திரும்பி என்னை முறைத்தார். டிரம்ஸ்காரர் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தார்.

கைதட்டல் குறைவுதான். இறங்கி வந்ததும் ஷிப்ட் சட்டையோடு நின்ற ஒருவர் அன்பாகவே சொன்னார்: “நல்லா ஆரம்பிச்சீங்கம்மா. போகப் போக ஒரிஜினல் மாதிரி வரல.”

“அதை எழுதினதே நான்தாங்க” என்றேன்.

“சரிதான் போங்க!” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். குழு அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

சென்னைக்காரர் கூப்பிட்டார். “இன்னொரு ட்ராக் இருக்கு மேடம். பாப்பாவையும் கூட்டிட்டு வந்துடுங்க. அந்த ஃபீல் வேணும்.”

பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். “நான் பாடினா, நான் பாடினதுதான் சார் வெளிய வரணும். எழுதினது நான்னா என் பேரு வரணும். இல்லைன்னா நானும் வரல, அவளும் வரல.”

“அவசரப்படாதீங்க மேடம். யோசிச்சுச் சொல்லுங்க.”

கடையில் எந்த டயப்பர் வாங்குவது என்பதைக்கூட நின்று யோசிப்பவள் நான்.

“யோசிச்சாச்சு சார்” என்றேன்.

போனை வைத்த பிறகு ‘சார்’ என்று சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. மற்றபடி சொன்னதில் எதையும் மாற்றத் தோன்றவில்லை.