அவசர வீட்டுக்குப் போன கதிரைகள்

வியாபாரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில் என்று சொன்னால், எங்கள் ஊரில் அடுத்த வசனம் இப்படித்தான் வரும்: "அப்ப என்ட போனையும் ஒருக்காப் பாரு புள்ள, கையில பிடிக்க ஏலாம சூடாகுது." பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது. நான் போன் திருத்துவதில்லை. பிரின்டருக்கு மை ஊற்றுவதும் இல்லை. ஒரு கடையோ நெல் மில்லோ எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்து, அதற்கென்றே ஒரு தரவுத்தளத்தையும், அதைப் போனில் திறந்து பார்க்க ஒரு செயலியையும் செய்து கொடுப்பேன். அவ்வளவுதான்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து வெளியே வந்தபோது எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு திமிர் இருந்தது. அதைக் கொஞ்சம் இறக்கி வைத்தவர் ஒரு கதிரைக்கார அக்கா.

களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் ஐந்து நிமிடம் போனால் அவருடைய கடை. கதிரை, மேசை, தகரப் பந்தல், சோறு ஆக்கும் பெரிய கிடாரம் என்று ஒரு வீட்டு விசேசத்துக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் வாடகைக்கு உண்டு. எனக்கு அவர் சொந்தமில்லை, ஊருக்கே அக்கா. கடை வாசலில் ஒரு பழைய பிரம்புக் கதிரை. அதில் இருந்துகொண்டுதான் எல்லா விசாரணையும். அது மட்டும் வாடகைக்கு இல்லை, யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார். வேறு யாரும் அதில் குந்தவும் விடமாட்டார்.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. எந்த வீட்டுக்கு எத்தனை கதிரை, எந்தத் திகதி, எல்லாம் அதில். ஒரு தடவை ஒரே நூறு கதிரையை இரண்டு கலியாண வீட்டுக்கு ஒப்புக்கொண்டு, இரண்டு தகப்பன்மாரும் கடை வாசலில் வந்து நின்று சண்டை பிடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் என்னைத் தேடி வந்தார். "எனக்கு மறதி வந்திட்டுது கா," என்றார். எங்கள் பக்கத்தில் இளையவளையும் 'கா' போட்டுத்தான் கதைப்பார்கள். "மறக்காத சாமான் ஒண்டு செஞ்சு தா."

இரண்டு மாதத்தில் செய்து கொடுத்தேன். வடிவான வேலை. திகதியைப் போட்டால் அன்றைக்கு எத்தனை கதிரை மிச்சம் என்று சொல்லும், லொறி எந்த வழியால் போகவேண்டும் என்றும் சொல்லும். லொறிக்கு ஒழுங்கு பண்ண நேரம் வேண்டும் என்று, பதிவு எல்லாம் மூன்று நாளுக்கு முன்பே வரவேண்டும் என்றொரு விதியும் போட்டிருந்தேன். அந்த விதியை எழுதியபோது எனக்கு என்னையே பிடித்திருந்தது.

முதல் கிழமையே காலையில் போன் வந்தது.

"புள்ள, இது என்ன சொல்லுது? மூண்டு நாள் கழிச்சு ஒரு திகதி போடட்டாம்."

"ஓம் அக்கா, முன்பதிவுதானே. மூண்டு நாளாவது வேணும்."

"செத்த வீடு கா. மனுசன் இண்டைக்கு விடியத்தான் செத்தவர். மூண்டு நாளைக்கு முதல் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுச் செத்திருக்கோணுமோ?"

சிரிப்பதா, போனை வைத்துவிட்டு ஓடுவதா என்று தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஊரில் எத்தனை செத்த வீட்டுக்குப் போய், அதே அக்காவின் கதிரையில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன். விதி எழுதும்போது அது ஒன்றும் என் மண்டைக்குள் வரவில்லை. படித்தவளின் மடத்தனம், வேறென்ன.

அன்று பின்னேரமே கடைக்குப் போனேன். கணினியைத் திறக்காமல், முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "செத்த வீடு வந்தா நீங்க எப்பிடிச் செய்யிற?"

"இல்லையெண்டு சொல்லுறதில்ல," என்றார்.

"எல்லாக் கதிரையும் கலியாணத்துக்குச் சொல்லியாச்செண்டா?"

"அதில இருந்து எடுத்துக் குடுக்கிறது. இன்னும் லொறியில ஏத்தாத கதிரையில. கடைசியா ஆரு வந்து சொன்னாங்களோ அவங்கட."

"அது அநியாயமெல்லோ அக்கா? அவங்களும் சொல்லி வெச்சவங்கதானே."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கலியாண வீட்டுக்காரன் நாலு இடத்தில கேப்பான், தேடுவான். அவன்ட வீட்டில எல்லாரும் சிரிச்சிட்டு நிக்கிறாங்க. செத்த வீட்டுக்காரன் கதிரை தேடித் திரிவானோ?"

கணினியைத் திறந்தேன். அந்த வழக்கத்தை அப்படியே விதியாக எழுதினேன். கதிரையை இழக்கும் வீட்டுக்குப் போகவேண்டிய செய்தியை அக்காவே சொல்லச் சொல்ல எழுதினேன். அதில் சாவு என்ற பேச்சே வரக்கூடாது, கலியாண வீட்டில் அந்தச் சொல் வாசிக்கப்படக்கூடாது என்றார். கடைசியில் இப்படி வந்தது: 'உங்கள் கதிரைகள் ஒரு அவசர வீட்டுக்குப் போகின்றன. குறை நினைக்கவேண்டாம்.'

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எந்த விதிக்கும் வாடிக்கையாளர் ஒருநாள் விலக்குக் கேட்பார் என்பது நான் பட்டு அறிந்தது. ஆகவே யாரும் கேட்காமலே ஒரு சின்னப் பெட்டி வைத்தேன். ஒரு பதிவுக்கு நேரே அந்தப் பெட்டியில் ஒரு சரி போட்டால், அந்த வீட்டுக் கதிரையை ஒரு செத்த வீடும் தொடாது.

"இது ஆருக்கு?" என்றார் அக்கா.

"ஆரும் பெரிய ஆக்கள் வந்தா…"

"செத்த வீட்ட விடப் பெரிய ஆள் ஆரு?"

"சும்மா இருக்கட்டும் அக்கா. ஆரு அதத் தொட்டாலும் அந்த நிமிசமே உங்கட போனுக்குச் செய்தி வரும். களவு செய்ய ஏலாது," என்றேன் பெருமையாக.

"வெச்சா வை. நான் தொடமாட்டன்," என்றுவிட்டு, கிடாரம் கொண்டுவந்தவனை ஏசுவதற்கு அந்தப் பக்கம் கிறுகிவிட்டார். அந்தப் பெட்டி இப்போது செயலியில் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரு வருடம் செயலி நன்றாக ஓடியது. பிறகு எனக்குக் கலியாணம் பேசி முற்றானது. எங்கள் பக்க வழக்கப்படி பெண் வீட்டில்தான் கலியாணம், மாப்பிள்ளையும் அங்கேதான் வந்து இருப்பார். அம்மாவுக்கு நகையில் கூட அவ்வளவு கவனம் இல்லை. ஒரே ஒரு ஆசைதான்: இருநூறு கதிரையும் ஒரே மாதிரி இருக்கவேண்டும், எல்லாவற்றுக்கும் வெள்ளை உறை போட்டுப் பின்னால் பூ முடிச்சுக் கட்டவேண்டும். மூன்று மாதமாக இதே கதை. "இப்பவே பதிஞ்சு வை," என்று நச்சரித்தார். என் செயலி, நான் நினைத்த நேரம் பதியலாம் என்று இழுத்து இழுத்து, கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கத்தான் பதிந்தேன். ஆவணி மாதம், ஒரே முகூர்த்தத்தில் ஊரெல்லாம் கலியாணம். அந்த நாளுக்கு எல்லோருக்கும் கடைசியாகப் பதிந்தவள் நான்தான்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, மத்தியானம், பலகாரம் சுட்ட எண்ணெய் மணத்தோடு குசினியில் நிற்கும்போது போன் கிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன். 'உங்கள் கதிரைகள் ஒரு அவசர வீட்டுக்குப் போகின்றன. குறை நினைக்கவேண்டாம்.'

நானே எழுதிய செய்தி. எழுத்துப் பிழை கூட இல்லை.

அம்மா வாசித்துவிட்டு அகப்பையைக் கீழே வைத்தார். "இது உன்ட வேலையா?"

"அக்காட வழக்கம் அம்மா. நான் எழுதின மட்டும்தான்."

"தன் வினை தன்னைச் சுடும் எண்டு சும்மாவா சொன்னாங்க. ஆக்கள் மண்ணிலயா குந்துற? உன்ட கையால செஞ்சதுதானே, ஒரு தட்டுத் தட்டி மாத்தன்." சொல்லும்போதே அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

மற்ற வாடகைக் கடைகளுக்கு அப்பா போன் எடுத்தார். ஒன்றிலும் ஒரு கதிரை மிச்சமில்லை. நான் காம்பராவுக்குள் போய் மடிக்கணினியைத் திறந்தேன். பழுகாமத்தில் ஒரு வயதான மனிதர் இறந்திருந்தார். வாவிக்கு அந்தப் பக்கம் பாதி ஊர் அவருக்குச் சொந்தமாம். இருநூறு கதிரை, இன்றைக்கே, எட்டாம் நாள் காரியம் முடியும் வரைக்கும். என் பதிவுக்கு நேரே அந்தச் சின்னப் பெட்டி வெறுமையாக இருந்தது.

சரியைப் போட்டேன். மறைத்து என்ன பயன், போட்டேன்தான்.

என் பதிவு பச்சையாகி, அதற்கு முன்னால் பதிந்த வீடு சிவப்பாக வந்தது. 'சேமி' என்பதை அழுத்தினால் முடிந்தது, செய்தி அங்கே போய்விடும். அந்தப் பதிவுக்குக் கீழே அக்கா ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்: 'தகப்பன் வட்டையில் நிற்பார், போன் எடுக்கமாட்டார். பொம்பிளையோடு கதைக்கவும்.' வயலில் நிற்கும் தகப்பனுக்குப் பதிலாக அந்தப் பிள்ளையே தன் கலியாணத்துக்குக் கதிரை சொல்லியிருக்கிறாள். நான் அழுத்தினால் செய்தி போவது அவளுடைய போனுக்கு. அவளும் இப்போது என்னைப் போல எண்ணெய் மணக்க ஒரு குசினியில் நிற்பாள். அவளுக்கும் ஒரு அம்மா இருப்பார்.

வெட்கமாக இருந்தது. சரியை எடுத்துவிட்டுக் கணினியை மூடினேன்.

வெளியே வந்து, "மாத்த ஏலாதாம் அம்மா," என்றேன். கணினியின் மேல் பொய் சொன்னது என் தொழிலில் அது முதல் தடவை இல்லை.

மாப்பிள்ளைக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னேன். "எனக்காவது இருக்க ஒண்டு இருக்கோ?" என்றார். மணவறை இருக்கிறது, அது போதும் என்றேன். பிறகு, அழைப்பிதழ் கொடுத்த எல்லோருக்கும் போனில் ஒரு செய்தி அனுப்பினேன்: 'எங்கள் கலியாணத்துக்குக் குடும்பத்துடனும் கதிரையுடனும் வருக.' அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "மானம் கப்பலேறிப் போச்சு," என்றார்.

ஆனால் வந்தார்கள். ஒருவர் மோட்டார் சைக்கிளில், பின்னால் இருந்த மனைவி ஒரு கதிரையைத் தலைக்கு மேல் குடை மாதிரிப் பிடித்திருக்க வந்தார். எங்கள் பின் வளவு மெதடிஸ்த குடும்பம் ஆறு பேர் சேர்ந்து ஒரு நீள வாங்கைச் சுமந்துகொண்டு வந்தது. சிவப்பு, நீலம், பச்சை, கால் ஒன்று குறுகிய கதிரை, சாய்ந்தால் மடிந்துபோகும் கதிரை. ஒருவர் வீட்டில் கதிரையில்லை என்று நெல் அளக்கும் மரைக்காலைக் கவிழ்த்துப் போட்டுக் குந்தினார். படம் பிடிக்க வந்தவர், "அக்கா, கலர் ஒண்டுக்கொண்டு சேருதில்ல," என்று என்னிடம் புலம்பிக்கொண்டே இருந்தார். யார் கதிரை நல்லது என்று ஆக்களுக்குள் ஒரே பகிடி. பத்து மணியளவில் பார்த்தேன், அம்மா ஒவ்வொரு கதிரையாகக் காட்டி, இது ஆருட வீட்டது, அது ஆருட வீட்டது என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் பெருமை.

தாலி கட்டி முடிந்த பிறகு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினார். பின் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் அந்தப் பிரம்புக் கதிரை. தானே தூக்கிக்கொண்டு வந்து பந்தல் காலடியில் போட்டுக் குந்தினார். "கடையில மிஞ்சினது இது ஒண்டுதான்," என்றார்.

ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தேன். தலையில் கை வைத்தவர் கையை எடுக்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நீ சரி போட்டதும் என்ட போனுக்குச் செய்தி வந்த. எடுத்ததும் வந்த."

அந்தச் செய்தி அவருக்குப் போகும் என்பதே அந்த நேரம் எனக்கு நினைவில் வரவில்லை. நிமிரவும் துணிவில்லை.

"ரெண்டுக்கும் நடுவில ஒரு நிமிசம்தான் கா," என்றார் அக்கா. "நானெண்டா இன்னும் கூட நேரம் எடுத்திருப்பன்."

பிறகு எழும்பி, என் கையைப் பிடித்து அந்தப் பிரம்புக் கதிரையில் என்னை இருத்திவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டார்.